பூஜ்யம் காட்டிய பாட்ஜ்

உங்களுக்கு இந்த வாரம் உரிமம் கிடைத்திருக்கிறது. உடம்பில் படும் கதிரை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பாட்ஜும், கதிர் கூடினால் கத்துகிற, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஓர் அலாரமும் தந்திருப்பார்கள். கேபிளை எப்படிச் சுற்றுவது, ஆட்கள் நெருங்காமல் எத்தனை மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுவது என்பதெல்லாம் வகுப்பிலேயே நடத்தியாகிவிட்டது. அதை நான் மறுபடியும் சொல்லப்போவதில்லை. இருபத்தெட்டு வருடம் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் சரியாகச் செய்த வேலைகளைப் பற்றி எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், உங்களுக்கு உதவாது. அதனால் நான் தவறிய ஒரு வாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அணு சம்பந்தமான வேலை என்று சொன்னால் கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். உங்களுக்கும் அது நடக்கும். நாம் செய்வது அவ்வளவு பெரிய வேலை இல்லை. எண்ணெய்க் குழாய்களில் வெல்டிங் போட்ட இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று படம் எடுக்கிறோம், ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுப்பதுபோல. ஆஸ்பத்திரியில் மின்சாரத்தை அணைத்தால் கதிர் நின்றுவிடும். நம்முடைய சோர்ஸை அணைக்க முடியாது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான அந்த உலோகத் துண்டு ராப்பகலாக எரிந்துகொண்டே இருக்கும். கனமான பெட்டிக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை. படம் எடுக்கக் கேபிளைச் சுற்றினால் ஒரு டியூப் வழியாக வெளியே வரும், திரும்பச் சுற்றினால் பெட்டிக்குள் போய்விடும். அது வெளியே இருக்கும் நிமிடங்களில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் நம் தொழில்.

ஒருமுறை பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் எங்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடந்தது. பாடம் எடுக்க வந்தவர் அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரு நாட்டுக்காரர். பெயர் வேண்டாம், அவரும் விரும்பமாட்டார். அந்த ஆயுதங்களைப் பராமரிக்கும் இடத்திலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். எதிரி பயந்து சும்மா இருக்க வேண்டும் என்பதற்காகவே வைத்திருக்கும் ஆயுதம் அது. ஒருநாளும் பயன்படுத்தக் கூடாது, ஒருநாளும் பழுதாகவும் கூடாது. தேநீர் வேளையில் நாங்கள் அவரைச் சுற்றி நின்று, அதில் எது கஷ்டம் என்று கேட்டோம். ஆயுதம் கஷ்டமில்லை என்றார். எந்தப் பாகம் எப்போது கெடும் என்பதற்கு அட்டவணை இருக்கிறதாம். ஆட்களைப் பராமரிக்கத்தான் அட்டவணை இல்லை. தேர்ந்தவர்கள் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள், இளையவர்கள் நல்ல சம்பளம் தேடிப் போய்விடுகிறார்கள், நடுவில் மிஞ்சுகிறவர்கள் களைத்துப்போகிறார்கள். எப்போதும் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று குறை சொல்வதை நிறுத்திவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்றார். எனக்குப் பிடித்திருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

அப்போது எங்கள் கம்பெனி சுங்கை வேயில் இருந்தது. மொத்தம் நாற்பது பேர். அதில் சோர்ஸைக் கையாள உரிமம் உள்ளவர்கள் ஒரு காலத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். மலேசியாவை விட்டுச் சிங்கப்பூருக்கும் கத்தாருக்கும் போனவர்கள் போக ஏழு பேர் மிஞ்சினார்கள். வேலை மட்டும் பதினைந்து பேருக்கானதாகவே இருந்தது.

அந்த ஏழு பேரில் குணா என்று ஒருவன். பாட்ஜைக் கழற்றவே மாட்டான். ஒரு காலாண்டில் அவனுடைய பாட்ஜின் அளவு அதிகமாக வந்தது. சட்டம் சொல்லும் எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் நாங்களே வைத்திருந்த எல்லையைத் தொட்டுவிட்டது. விதிப்படி நான் அவனை வேலையிடத்திலிருந்து எடுத்து, ஆபீசில் படம் கழுவும் அறையில் போட்டேன். வேலையிடத்துக்குப் போகிறவர்களுக்குத் தரும் சைட் அலவன்ஸ் ஆபீசில் இருப்பவர்களுக்குக் கிடையாது. அப்போதுதான் வீடு வாங்கியிருந்தான்.

"அண்ணே, நான் ஒழுங்கா போட்டிருந்ததுக்குத்தான் இந்தத் தண்டனையா?" என்று கேட்டான்.

உன் நல்லதுக்குத்தான் என்றேன். அது உண்மைதான். ஆனால் அலவன்ஸை நிறுத்தாதீர்கள் என்று மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். மற்ற ஆறு பேரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த காலாண்டிலிருந்து எல்லாருடைய பாட்ஜும் சுத்தமாக வர ஆரம்பித்தது. சிலருக்குப் பூஜ்யம். வாரம் ஆறு நாள் சோர்ஸோடு வேலை செய்கிறவனுக்குப் பூஜ்யம் வந்தால் அந்தப் பாட்ஜ் அவன் உடம்பில் இல்லை என்றுதான் அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த அளவுகள் இருந்த தாளை மேனேஜரிடம் காட்டி, நம் பாதுகாப்பு முன்னேறியிருக்கிறது என்று சொன்னேன். அந்த வருடம் எனக்கு நல்ல போனஸ் கிடைத்தது.

அந்த ஆறு பேரில் செல்வம் முதல்தரமான ஆள். பந்திங்கிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவான். நாற்பது வயதிருக்கும். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான். அலாரத்தில் பேட்டரி நிற்கவில்லை, டியூப் பழசாகி நசுங்குகிறது, இரண்டு பேர் செய்யும் வேலைக்கு ஒருவனை அனுப்புகிறீர்கள் என்று ஏதாவது சொல்வான். அந்த வருடம் அவன் வருவது நின்றுபோயிற்று. ஹோட்டல் பயிற்சியில் கேட்டது எனக்கு ஞாபகம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான்.

போர்ட் கிள்ளானில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் ஷட்டவுன் நடந்த நேரம் அது. தொட்டிகளைக் காலி செய்து, குறிப்பிட்ட நாட்களுக்குள் எல்லாக் குழாய்களையும் மாற்றி, சோதித்து, திறந்துவிட வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை நானும் செல்வமும் பங்சாரில் ஒரு வாடிக்கையாளர் ஆபீசுக்குப் படங்களை எடுத்துக்கொண்டு போனோம். வேலை முடிந்து பக்கத்துக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். இலை போட்டார்கள், சோறு வந்தது. செல்வம் பரிமாறியவரிடம் கரண்டி கேட்டு வாங்கி, இடது கையால் சாப்பிட ஆரம்பித்தான். வலது கை மேசைக்கு அடியில் இருந்தது.

கைக்கு என்ன என்று கேட்டேன்.

"எண்ணெய் பட்டுடுச்சு அண்ணே. வீட்டுல அப்பளம் பொரிச்சேன்."

"காட்டு."

"சாப்பிடுங்க அண்ணே. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் காரில் காட்டினான். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். மூன்றிலும் உள்பக்கம் மட்டும் வெளுத்த கொப்புளங்கள், சுற்றிலும் கருஞ்சிவப்பு. புறங்கையில் ஒரு பொட்டு இல்லை. தெறிக்கிற எண்ணெய் புறங்கையை விட்டுவிட்டு விரலின் உள்பக்கம் தேடிப் போகாது. எதையோ பிடித்த கை அது. நான் படங்களில் மட்டுமே பார்த்திருந்த காயம்.

"எத்தன நாளாச்சு?"

"கொப்புளம் வந்து நாலு நாளு. அதுக்கு முன்ன சும்மா செவந்துச்சு. அதுவா போயிடுச்சு, சரியாயிடுச்சின்னு நெனச்சேன்."

"எங்க பிடிச்ச?"

அவன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். மூன்று வாரத்துக்கு முன்னால், கிடங்கில், சாரக்கட்டிலிருந்து ஓர் இரும்புத் துண்டு டியூப்மேல் விழுந்து அதை நசுக்கிவிட்டது. சோர்ஸ் வெளியே மாட்டிக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் எல்லாரையும் விலக்கிக் கயிற்றைத் தள்ளிக் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் நான் வருவேன், அறிக்கை எழுதுவேன், அரை நாள் போகும், அவனையும் குணாவைப்போலப் படம் கழுவ அனுப்புவேன். கிடங்கு அதிகாரிகள் ரேடியோவில் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். பாட்ஜ் லோரியில் இருந்தது. அலாரத்தை அணைத்து வைத்திருந்தான். கிட்டப் போய், நசுங்கிய இடத்தைக் குறட்டால் அழுத்தி, விரலால் உருட்டி, வட்டமாக்கி, சோர்ஸை உள்ளே இழுத்துவிட்டான்.

"ஒரு நிமிஷம்கூட இல்ல அண்ணே," என்றான்.

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. விட்டால் மறுபடி நசுங்கும் டியூபைப் பிடித்திருக்கிறவனே பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கேபிளையும் சுற்ற முடியாது. வேலை தெரிந்த எவனுக்கும் இது புரியும். எனக்குப் புரியவில்லை. அந்த மூன்று விரல்களையும், அதற்கப்பால் எங்கள் உரிமத்தையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கதையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஷட்டவுன் முடிகிறது, அதுவரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். இப்போது அறிக்கை கொடுத்தால் வேலையை நிறுத்துவார்கள், ஒப்பந்தம் போகும், நாற்பது குடும்பம் என்றார். செல்வத்தைத் தனியார் கிளினிக்கில் காட்டுவோம், நான்கு நாளில் அவன் காயம் கூடிவிடப்போகிறதா, குறைந்துவிடப்போகிறதா என்றார். மருத்துவப்படி அது சரி. பட்டது பட்டதுதான், நான்கு நாள் முந்திப் போனாலும் கதிர் திரும்பி வெளியே வராது. நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதை வகுப்பில் நடத்தியவன் நான்.

சரி என்றேன்.

செவ்வாய், புதன், வியாழன். தினமும் ஆபீஸ் போனேன், தாள்களைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். செல்வம் மாலையில் விரலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். ஒவ்வொரு நாளும் கறுப்பு கொஞ்சம் கூடியிருக்கும். கிளினிக்கில் களிம்பு தந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஷட்டவுன் முடிந்ததாகக் கையெழுத்தானது. பத்து மணிக்கு நான் உரிமம் தரும் அரசு அதிகாரிகளுக்குப் போன் செய்தேன். பிறகு செல்வத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். மலாய்க்கார டாக்டர் ஒருவர், என் மகள் வயது இருக்கும். சோர்ஸின் பலத்தையும் நேரத்தையும் என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். விரல்களைத் தொடாமல் பார்த்தார். பிறகு செல்வத்திடம் மலாயில் அவர் கேட்ட முதல் கேள்வி, வேறு யார் அங்கே இருந்தார்கள் என்பது.

அவர் இன்னொருமுறை அதே குரலில் கேட்டார். செல்வம் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்.

"யாந்தோ இருந்தான் அண்ணே. சாரக்கட்டு ஆளு. நான்தான் டியூப்ப புடிச்சிக்கச் சொன்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"நான் குறட்டால அமுக்கி முடிச்சி, ஓடிப்போய்க் கேபிள சுத்தி முடிக்கிற வரைக்கும். விடாதன்னு சொன்னேன். விடல."

"அது என்னான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணே."

அதாவது, செல்வம் கையை எடுத்த பிறகும் அந்த மனிதன் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். நான் இதை டாக்டருக்கு மலாயில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, அவரை உடனே கூட்டிவாருங்கள் என்றார்.

நேராகப் போர்ட் கிள்ளானுக்கு ஓட்டினேன். கிடங்குக்குக் கால் மணி நேரத் தூரத்தில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கும் கொங்சி. பலகைச் சுவர், தகரக் கூரை. பாதி அறைகள் காலி. அங்கே சமையல் செய்யும் இந்தோனேசியப் பெண் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாந்தோ எங்கே என்று கேட்டேன். புதன்கிழமை ஃபெரியில் ஊருக்குப் போய்விட்டார் என்றார். சாரக்கட்டு வேலை போன வாரமே முடிந்துவிட்டதாம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் இங்கேதான் படுத்திருந்தார் என்று ஓர் அறையைக் காட்டினார்.

நான் கேட்காமலேயே அவர் மேலும் சொன்னார். கை முழுக்கக் கொப்புளமாம். பற்பசை தடவித் துணி சுற்றியிருந்தாராம். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, கடைசி வாரம் தனித் தட்டு எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டாராம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்தக் கையோடு போகலாமா என்று இவரிடம் கேட்டிருக்கிறார். இவருக்கு என்ன தெரியும்? தன் தட்டுகளைக் காட்டி, இது ஒட்டுகிற நோயா என்று என்னிடம் கேட்டார்.

இல்லை என்றேன். அதை அவருக்கு மூன்று நாள் முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாந்தோவுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தவை கோப்புகளில் இருக்கின்றன. விசாரணை நடந்தது. கம்பெனியின் உரிமத்தைப் பல மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். மேனேஜர் பயந்தது நடந்தது, பலர் வேலை இழந்தார்கள். திங்கட்கிழமையே எனக்குத் தெரியும் என்று நானே விசாரணையில் சொன்னேன். இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம், நான் சொல்லாவிட்டால் செல்வம் சொல்லியிருப்பான். எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை.

செல்வத்துக்கு ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின, கட்டைவிரலில் பாதி போயிற்று. இப்போது பந்திங்கில் மனைவியோடு ஒரு ஸ்டேஷனரிக் கடையில் இருக்கிறான். வருடத்துக்கு இருமுறை போய்ப் பார்ப்பேன். காப்பி தருவான். யாந்தோவைப் பற்றி அவனும் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன். குணா சிங்கப்பூருக்குப் போய்விட்டான். நீ கேட்டது சரி, நான் சொன்ன பதில்தான் தவறு என்று ஒரு செய்தி அனுப்பினேன். படித்துவிட்டான் என்று காட்டியது. பதில் வரவில்லை.

உரிமம் திரும்பக் கிடைத்த பிறகு சிலவற்றை மாற்றினேன். பாட்ஜில் அதிகம் வந்தவனை வேலையிடத்திலிருந்து எடுத்தாலும் அவன் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கினேன். பூஜ்யம் வந்தவனைத் தேடி நானே வேலையிடத்துக்குப் போனேன். என் மேசைக்கு முன்னால் குறை சொல்ல யாரும் வராத வாரத்தில், நான் அவர்களிடம் போய் உட்கார்ந்தேன். இவை நல்ல மாற்றங்கள்தான். உங்கள் கம்பெனியில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். விபத்து நடந்தால் அடிபட்டவரிடம் முதலில் கேட்க வேண்டியது, வேறு யார் இருந்தார்கள் என்று. காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேளுங்கள். கயிற்றுக்கு உள்பக்கம் பாட்ஜ் இல்லாமல் நிற்கிற ஆள்தான் உங்கள் கணக்கிலிருந்து முதலில் விழுந்துபோகிறவர்.

யாந்தோவை அதிகாரிகள் தேடினார்கள். இந்தோனேசியாவில் உள்ளவர்களுக்கு எழுதினார்கள். கொடுத்திருந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. ஒப்பந்தக்காரர் கொடுத்த போன் எண் பயன்பாட்டில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, போர்ட் கிள்ளானிலிருந்து இந்தோனேசியாவின் தஞ்சோங் பாலாய்க்கு ஃபெரி எடுத்தேன். கையில் அவருடைய பாஸ்போர்ட்டின் நகல் இருந்தது, முகம் பாதி கறுத்துப்போன நகல். முகவரியில் இருந்தது ஓர் ஏஜெண்டின் கடை. இப்போது அங்கே போன் பழுது பார்க்கிறார்கள். இரண்டு நாள் படகுத்துறையைச் சுற்றி நகலைக் காட்டிக் கேட்டேன். பலர் மரியாதைக்காக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

துறைக்கு எதிரே காப்பி விற்கும் ஒரு பெண் மட்டும் நகலை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். என்ன ஆயிற்று இவருக்கு என்று கேட்டார். மலேசியாவில் வேலை செய்யும்போது கையில் அடிபட்டது என்றேன். கையில் காயத்தோடு இறங்குகிறவர்கள் நிறையப் பேர், முகம் ஞாபகம் இருக்காது, காயம் சில சமயம் ஞாபகம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, எந்தக் கை என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வலதா, இடதா, இரண்டுமா என்று தெரியவில்லை. கொங்சியில் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். செல்வத்திடம் இத்தனை வருடத்தில் ஒருமுறை கேட்டிருக்கலாம். விசாரணை அறிக்கையில் அந்தப் பகுதியை எழுதியவன் நான்தான். கையால் பிடித்திருந்தார் என்று எழுதியிருக்கிறேன்.